முதலில் நிற்கட்டும், பிறகு பறக்கட்டும்!

திருப்பூரிலிருந்து ஓர் அம்மா இரண்டு மாதங்களுக்கு முன்னால் இந்தப் பகுதிக்கு எழுதியிருந்தார். பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர். கடிதத்தை அப்படியே தருகிறேன்.

"என் மகனுக்கு 24 வயசுங்க. அவன் மாமா வெச்சிருந்த ஒன்பது வருசத்துப் பழைய பெட்ரோல் காரை வாங்கிக் கொடுத்தோம். சின்னக் கார்தான். ஆனா சம்பளம் பூரா அதுக்கே போகுது. சைலன்ஸர் மாத்தினான், அலாய் வீல் மாத்தினான், காரைத் தரையோட தரையா இறக்கிட்டான். இப்ப கோயமுத்தூர் டிராக்குல ஓட்டப்போறேன்னு பணமும் கட்டிட்டான். கேட்டா, 'ரோட்டுல வேகமாப் போகாதேன்னு நீதானேம்மா சொன்னே, அதான் டிராக்குக்குப் போறேன்'ங்கறான். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. போகாதேன்னு சொல்லப்போறதில்லைங்க. பத்திரமா திரும்பி வர அந்தக் காருல என்ன செய்யணும்? அதை மட்டும் எழுதுங்க."

மைலேஜ் எவ்வளவு தரும், எந்த கலர் எடுத்தால் அழுக்கு தெரியாது என்றுதான் எனக்கு வழக்கமாகக் கடிதங்கள் வரும். இந்த அம்மாவின் கேள்வி வேறு ரகம். மகன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அம்மா கேட்டிருக்கிறார். கடிதத்தில் மகனின் எண்ணும் இருந்தது. கூப்பிட்டேன்.

"காருல என்னவெல்லாம் பண்ணியிருக்கே தம்பி?"

உற்சாகமாக ஆரம்பித்தான். ஏர் ஃபில்டர், சைலன்ஸர், 16 இன்ச் அலாய், அகல டயர், இறக்கிய சஸ்பென்ஷன். மூச்சு விடாமல் சொன்னான்.

"ஆயில் மாத்தினியா?"

"போன வாரம்தாங்ணா மாத்தினேன். ஃபுல் சிந்தெடிக்!"

"அது இன்ஜின் ஆயில். நான் கேட்டது பிரேக் ஆயில்."

எதிர்முனையில் சத்தமே இல்லை. கொஞ்சம் பொறுத்து, "அதை எல்லாம் மாத்துவாங்களாங்ணா?" என்றான்.

அந்த ஒரு கேள்விதான் இந்த வாரக் கட்டுரை.

ரோட்டுக் காரில் பிறந்த பந்தயம்

தம்பியின் ஆசையைக் குறை சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் கார் பந்தயம் வளர்ந்ததே ரோட்டுக் கார்களை வைத்துத்தான். சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தினார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக்கே கட்டிவிட்டார்கள். கோவைக்காரர் கரிவரதன், மாருதி இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' பந்தய காரை உருவாக்கினார். 1995-ல் அவர் காலமானார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. எஸ்டீம், ஹோண்டா சிட்டி, போலோ என நாம் ஆபீஸுக்கு ஓட்டிப்போகும் கார்கள் எல்லாம் இந்த டிராக்குகளில் பந்தயமும் ஓடியிருக்கின்றன.

ஆனால், அந்தக் கார்களை அப்படியே கொண்டுபோய் ஓட்டவில்லை. என்ன மாற்றினார்கள், எதை முதலில் மாற்றினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் பையன்கள் சத்தத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அனுபவசாலிகள் பிரேக்கிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

அண்டா கணக்கு

ரோட்டில் நாம் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம்? சிக்னலில் மெல்ல, ஸ்பீடு பிரேக்கரில் மெல்ல. ஆடு குறுக்கே வந்தால் மட்டும் அழுத்தி ஒரு தடவை. அந்தச் சூடு ஆற நிறைய நேரம் கிடைக்கும். டிராக்கில் அந்த நேரம் கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு. ஓட்டுபவரோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார், 140 கி.மீ வேகத்திலிருந்து 70-க்கு இறங்குகிறது. அந்த ஒரு பிரேக்கில் வெளியாகும் சக்தி, சாதாரண குழாய்த் தண்ணீர் இரண்டு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. அதுவும் நாலைந்து விநாடிகளில்! அந்தச் சூட்டில் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்கில்தான் இறங்கும். ஒரு சுற்றில் இப்படி இரண்டு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துச் சுற்றுக்கு 20 முறை. அதாவது 40 லிட்டர், கல்யாண வீட்டு அண்டா ஒன்று. அதைக் கால் மணி நேரத்தில் கொதிக்க வைக்கும் சூட்டை, சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய இரும்புத் தட்டுகள் தாங்க வேண்டும்.

அதிலும் முன் சக்கரங்களின் பாடுதான் திண்டாட்டம். பிரேக் அடித்தால் நம் உடம்பு முன்னால் போகிறது இல்லையா? காரின் எடையும் அப்படித்தான் முன்னால் சாய்கிறது. நிற்கும்போது முன் சக்கரங்கள் 600 கிலோவைத் தாங்கினால், அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது ஏறக்குறைய 800 கிலோவைத் தாங்கும். அதனால் பிரேக் வேலையில் முக்கால் பங்குக்கு மேல் முன்பக்கத்துக்கே போய்விடும்.

பில்லில் இருந்தது, டேங்கில் இல்லை

இந்தச் சூட்டில் முதலில் தோற்பது இரும்பு அல்ல, பிரேக் ஆயில்தான். நாம் பெடலை மிதிக்கும் விசையைச் சக்கரம் வரை கொண்டுபோவது அந்தத் திரவம். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான் பிரேக் வேலை செய்கிறது. ஆனால், அது கொதித்துவிட்டால் உள்ளே ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆவி அமுங்கிவிடும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கார் மட்டும் நிற்காது.

பிரேக் ஆயிலுக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும், மூடாமல் வைத்த உப்பு ஜாடி மாதிரி. தர விதிப்படி புதிய 'டாட் 3' ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிதான். 'டாட் 4' என்றால் புதிதில் 230, ஈரம் ஏறினால் 155. பந்தயத்துக்கென்றே வரும் ஆயில்கள் புதிதில் 300 டிகிரிக்கு மேல் தாங்கும். ஒரே காரும் ஒரே பிரேக்கும்தான். ஆயில் பழசா புதுசா என்பதே இத்தனை டிகிரி வித்தியாசம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 20 வருடங்களுக்கு முன்னால், என் பழைய செடான் காரை இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோனேன். கிளம்புவதற்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் விட்டேன். 'பிரேக் ஆயில் மாற்றியது' என்று பில்லிலேயே எழுதியிருந்தார்கள். நம்பினேன். மனைவியும் மூன்று வயது மகளும் கேலரியில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்தாவது சுற்று. நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் நேராகத் தரைக்குப் போனது. இரண்டாவது தடவை மிதித்தேன், அப்போதும் தரைதான். கியரை நான்கிலிருந்து மூன்றுக்கும், மூன்றிலிருந்து இரண்டுக்கும் இழுத்தேன். வளைவைத் தாண்டி மண்ணுக்குள் போய்ப் புழுதி பறக்க நின்றது கார். கீறல்கூட இல்லை. ஆனால் கீழே இறங்கியபோது கால் நிற்கவில்லை. மகள், "அப்பா, புகை வந்துச்சு!" என்று கை தட்டினாள். மனைவி கை தட்டவில்லை.

பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டேங்கைப் பார்த்தேன். டீ டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. பில்லில் இருந்த புது ஆயில், டேங்கில் இல்லை. அந்த ஒர்க்‌ஷாப் மீது கோபம் இருந்தது. ஆனால் மூடியைத் திறந்து பார்க்க எனக்கு ஆகியிருக்கும் நேரம் பத்து விநாடி. அதைச் செய்யாதது நான்தான்.

எனவே, முதல் வேலை பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிவிட்டுப் புது ஆயில் ஊற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுப்பது. உங்கள் கண் முன்னால் சீல் உடைக்கச் சொல்லுங்கள். திறந்து வைத்த பழைய டப்பா வேண்டாம். கடையில் 'டாட் 5' கொடுத்தால் வாங்காதீர்கள். அது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு சேராது. 'டாட் 5.1' என்பது வேறு, அது சேரும். கூடவே, பிரேக் ஹோஸையும் பாருங்கள். ஒன்பது வருட ரப்பர் வெடித்திருக்கலாம், மிதிக்கும்போது உப்பவும் செய்யலாம். புதிதாக மாற்றிவிடுங்கள்.

கல்லா, பஞ்சா?

அடுத்தது பேட். ரோட்டுக் காரில் வரும் பேட்கள் குளிர்ந்திருக்கும்போதே நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று தயாரிக்கப்பட்டவை. காலையில் பால் வாங்கப் போகும்போதும் முதல் மிதியிலேயே கார் நிற்க வேண்டும் அல்லவா? ஆனால் 300, 400 டிகிரிக்கு மேல் போனால் அவை பிடிப்பை இழக்க ஆரம்பிக்கும். டிராக் பேட் அதற்கு நேர் எதிர். சூட்டில் பிரமாதமாகப் பிடிக்கும். ஆனால் குளிரில் பிடிப்பு குறையும், கிரீச்சிடும், டிஸ்க்கைச் சீக்கிரம் தின்னும்.

முழுப் பந்தய பேட்டை மாட்டிக்கொண்டு காலையில் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகாதீர்கள். ரோட்டுக்கும் டிராக்குக்கும் நடுத்தரமான பேட்கள் கிடைக்கின்றன. முதல்முறை போகிறவருக்கு அதுவே போதும். புது பேட் போட்டதும் பழக்க வேண்டும். டிராக்கில் முதல் சில சுற்றுகளில், 80 கி.மீ வேகத்திலிருந்து 20-க்கு, முழுவதும் நிறுத்தாமல் பத்துத் தடவை இறக்க வேண்டும். பிறகு பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் ஒரே சீராகப் படிவதற்காக இது. பின் சக்கரத்துக்கு மட்டும் பலமான பேடோ ஷூவோ போட்டுவிடாதீர்கள். பிரேக் அடிக்கும்போது பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். ஏ.பி.எஸ். இருந்தால் அது அப்படியே வேலை செய்யட்டும்.

இதில் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பிரேக் தோற்பதில் இரண்டு விதம்.

பெடல் கல் மாதிரி இறுக்கமாக இருக்கிறது, ஆனால் கார் நிற்கவில்லை என்றால், பேட் சூடேறிவிட்டது.

பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்றால், ஆயில் கொதிக்கிறது.

இரண்டாவது வந்தால் வேகமாக நாலைந்து தடவை பம்ப் செய்யுங்கள், கியரைக் குறையுங்கள். முதல் அறிகுறி தெரிந்த உடனே பிட்டுக்கு வந்துவிடுங்கள். 'இன்னும் ஒரு சுற்று' என்று மட்டும் நினைக்காதீர்கள். மலைப்பாதையில் இறங்கும்போதும் இதே கதைதான். ஊட்டியிலிருந்து இறங்குகிற குடும்பங்களுக்கும் இந்தப் பத்தி சேரும்.

ஓட்டி முடித்ததும் கடைசிச் சுற்றைப் பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், காரை கியரில் விட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பிரேக் பெடலிலிருந்தும் காலை எடுத்துவிடுங்கள். கொதிக்கும் டிஸ்க்கை பேட் ஒரே இடத்தில் கவ்விக்கொண்டு நின்றால் அங்கே திட்டுப் படிந்து, பிறகு ஒவ்வொரு பிரேக்குக்கும் ஸ்டீயரிங் நடுங்கும்.

தூளியும் கையும்

இப்போது தம்பி பெருமையாகச் சொன்ன சஸ்பென்ஷன்.

"எப்படிப்பா இறக்கினே?" என்று கேட்டேன்.

"ஸ்பிரிங்ல ஒண்ணரைச் சுத்து வெட்டிட்டோம்ங்ணா."

தலையில் கை வைத்தேன்.

தூளியில் குழந்தையைப் போட்டு ஆட்டியிருப்பீர்கள். தூளி தானாக ஆடிக்கொண்டே இருக்கும், நாம் கையை வைத்தால்தான் நிற்கும். காரில் ஸ்பிரிங் தூளி, ஷாக் அப்ஸார்பர் கை. ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது, ஷாக் அப்ஸார்பர் ஆட்டத்தை அடக்குகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் டயர் தரையை விடாமல் பிடிக்கும். ஸ்பிரிங்கை வெட்டினால் அது குட்டையாகும், கொஞ்சம் கடினமாகவும் ஆகும். பழைய ஷாக் அப்ஸார்பருக்கு அந்த ஸ்பிரிங்கை அடக்கத் தெரியாது. மேலும் கீழும் போக இருந்த இடமும் குறைந்துவிடும். வளைவில் கார் சாயும்போது உள்ளே இருக்கும் ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். அந்த நொடியில் சஸ்பென்ஷனே இல்லாத மாட்டுவண்டி மாதிரி ஆகி, டயர் பட்டென்று வழுக்கும். சக்கரம் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து நழுவவும் வாய்ப்புண்டு.

'தாழ்வாக இருந்தால் கார் சாயாது' என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கொஞ்சம் தாழ்த்தினால் அது உண்மை. அளவு மீறினால் தலைகீழ். நம் சின்னக் கார்களின் முன்பக்கத்தில் குனிந்து லோயர் ஆர்மைப் பாருங்கள். சக்கரத்தை நோக்கி அது சற்றே கீழ்நோக்கியோ, மட்டமாகவோ இருக்க வேண்டும். தரையோடு தரையாக இறக்கியதும் அது மேல்நோக்கித் திரும்பிவிடும். அப்போது கார் வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். இன்ச் கணக்கில் இறக்கிவிட்டு, சாய்கிறதே என்று அதற்கும் செலவு செய்கிறவர்கள் உண்டு.

அவனிடம் சொன்னேன்: "கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் போடு. ஷாக் அப்ஸார்பர் ஒழுகுதான்னு பாரு, ஒழுகினா ஜோடியா மாத்து. லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மேல இருக்கிற ரப்பர் எல்லாம் ஒன்பது வருசம் ஆனது. அதை மாத்து. காரை ஜாக்கியில தூக்கி, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாரு. ஆடினா பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ போயிடுச்சு. பக்கவாட்டுல ஆடினா டை ராடு. இது எதுவும் இல்லாம கார் புதுசு மாதிரி நின்னா, அதுதான் உன் முதல் ரேஸ் சஸ்பென்ஷன்."

"இதுல எதுவுமே வெளிய தெரியாதேங்ணா" என்றான் பாவமாக.

தெரியாதுதான்.

பழைய செருப்பைப் பாருங்கள்

வீட்டு வாசலில் கிடக்கும் பழைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள். ஒருவருக்கு வெளி ஓரம் தேய்ந்திருக்கும், இன்னொருவருக்கு உள் ஓரம். நடக்கும் விதம் செருப்பில் எழுதியிருக்கும். காரின் டயரும் அப்படித்தான்.

ரோட்டுக் காரில் சக்கரம் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது கார் சாய, சக்கரமும் சேர்ந்து சாய்ந்து, டயரின் வெளி ஓரம் மட்டும் தரையில் தேயும். மீதி அகலம் சும்மா இருக்கும். எனவே, டிராக் கார்களில் முன் சக்கரங்களின் மேல்பாகத்தைக் காரை நோக்கிச் சற்று உள்ளே சாய்த்து வைக்கிறார்கள். இதை நெகட்டிவ் கேம்பர் என்பார்கள். ரோட்டுக் காரில் இது பூஜ்யத்தை ஒட்டியிருக்கும், டிராக் காரில் இரண்டு மூன்று டிகிரி வரை போகும். கேம்பர் போல்ட் என்று ஒன்று கிடைக்கிறது. ஸ்ட்ரட்டும் சக்கரமும் சேரும் இடத்தில் அதைப் போட்டால் ஒரு டிகிரியை ஒட்டிச் சாய்க்கலாம். தினமும் ஓட்டுகிற காருக்கு அது போதும். மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். கேம்பரைவிட டோ தப்பாக இருந்தால்தான் டயர் சீக்கிரம் போகும்.

காற்றழுத்தம் காசில்லாத டியூனிங். குளிர்ந்த டயரில் 32 பி.எஸ்.ஐ. வைத்துவிட்டுப் பத்துச் சுற்று ஓட்டிவந்து பாருங்கள், சூட்டில் ஐந்தாறு கூடியிருக்கும். டயர் நடுவில் உப்பிப் பிடிப்பு குறையும். அதனால் ஒவ்வொரு முறை பிட்டுக்கு வந்ததும் சூடாக இருக்கும்போதே அளந்து, கொஞ்சம் குறைக்க வேண்டும். எவ்வளவு? அதற்கு ஒரு சாக்பீஸ் போதும். டயரின் ஓரத்திலிருந்து பக்கவாட்டுக்குக் கோடு போடுங்கள். ஓட்டிவந்த பிறகு கோடு பக்கவாட்டு வரை அழிந்திருந்தால் காற்று குறைவு. ஓரத்துக்கு வருவதற்கு முன்பே நின்றிருந்தால் காற்று அதிகம். வீடு திரும்பும்போது மறக்காமல் பழைய அளவுக்கு நிரப்புங்கள்.

பெரிய அலாய் வீல் விஷயத்தில் ஒரு வார்த்தை. கனமான சக்கரம் குண்டு குழியில் மேலே எழும்பினால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் அதைத் தரைக்குத் திருப்பக் கஷ்டப்படும். அதனால் தம்பியிடம் பழைய சக்கரத்தையே மாட்டச் சொன்னேன். பேசாமல் இருந்தான். சம்பளம் போட்டு வாங்கியது, வலிக்கத்தானே செய்யும்!

ஒரு நேரத்தில் ஒன்று

முன் சக்கரம் இழுக்கும் நம் கார்கள் வளைவில் வேகம் அதிகமானால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் நேராகவே போகப் பார்க்கும். பலர் இதைச் சரிசெய்யப் பின்பக்கத்தை இறுக்குவார்கள். வேகம் கிடைக்கும். ஆனால் வளைவின் நடுவில் பயந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் சுழன்று முன்னால் வந்துவிடும். பயந்தால் காலை எடுப்பது மனித இயல்பு. ஆகவே முதல் வருடம் கார் நேராகப் போகப் பார்க்கிற குணத்தோடே இருக்கட்டும். அது முன்கூட்டியே எச்சரிக்கும், மன்னிக்கும்.

மாற்றுவதாக இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு 40 பக்க நோட்டு வாங்கி எழுதுங்கள்: காற்று எவ்வளவு, பேட் எத்தனை மில்லிமீட்டர், என்ன மாற்றினேன், என்ன ஆனது. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. சமையலில் உப்பையும் புளியையும் ஒரே நேரத்தில் கூட்டினால் அப்படித்தானே?

இரண்டு எச்சரிக்கைகள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை இஷ்டப்படி மாற்றுவதைத் தடை செய்கிறது. டிராக்குக்கு மட்டுமே என்று காரை முழுக்க மாற்றினால் அதை டிரக்கில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அடுத்தது, வழக்கமான கார் இன்ஷூரன்ஸ் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. பாலிசியிலேயே எழுதியிருக்கும். டிராக்கில் இடித்தால் செலவு நம்முடையதுதான். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இதைப் பேசிவிட்டுப் போவது நல்லது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை செட்டிப்பாளையத்துக்கு நானும் போயிருந்தேன். தம்பியின் கார் பார்க்க சாதுவாக இருந்தது. பழைய சக்கரம், கம்பெனி உயரம். பக்கத்தில் பளபளப்பாக நின்ற கார்களுக்கு நடுவில் அவனுடையது ரேஷன் கடைக்கு வந்த கார் போல இருந்தது. அவனுக்கே கொஞ்சம் கூச்சம். அம்மாவும் வந்திருந்தார். டிபன் பாக்ஸில் தக்காளி சாதம். டிராக்கின் பக்கமே திரும்பாமல் காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

முதல் இரண்டு முறை நன்றாக ஓட்டினான். மூன்றாவது முறை ஏழாவது சுற்று. நேர்ப்பாதையில் அவனுக்கு முன்னால் ஒரு கார். முந்துவதற்கு நல்ல இடம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் முந்தவில்லை. இண்டிகேட்டரைப் போட்டு மெதுவாகப் பிட்டுக்குள் வந்தான்.

"என்னாச்சு தம்பி?"

"பெடல் கொஞ்சம் கீழ போச்சுங்ணா. பஞ்சு மாதிரி இல்லை. ஆனா போன தடவை இருந்த இடத்துல இல்லை. அதான் வந்துட்டேன்."

ஆறவிட்டுச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். முன் பேட் காலையில் இருந்ததில் பாதிகூட இல்லை. இன்னொரு முறை ஓட்டப் பணம் கட்டியிருந்தான். "போதும்ங்ணா" என்று அவனே சொன்னான். நோட்டை எடுத்து எழுதினான். 'மூணாவது ரவுண்ட், 7-வது சுத்து, பெடல் கீழ. பேட் 3 மி.மீ.'

அந்த நாளில் நான் பார்த்த நல்ல ஓட்டம் அதுதான். முந்த இடம் இருந்தும், பணம் கட்டியிருந்தும், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தும், காலுக்குக் கீழே நடந்த ஒரு சின்ன மாற்றத்தைக் கவனித்து உள்ளே வந்துவிட்டான். 20 வருடங்களுக்கு முன்னால் என் பெடலும் நான்காவது சுற்றில் ஏதாவது சொல்லியிருக்கும். எனக்குத்தான் கேட்கவில்லை.

அம்மா காரிலிருந்து இறங்கி வந்தார். "ஏங்க, அதுக்குள்ள முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதுங்கம்மா. கேட்டீங்களே, பத்திரமா திரும்பி வர என்ன செய்யணும்னு? அதை உங்க மகன் இப்ப செஞ்சுட்டான்" என்றேன்.

அவருக்கு முழுதாகப் புரிந்ததா தெரியவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து, "முதல்ல சாப்பிடுங்க" என்றார்.

(அடுத்த வாரம்: மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் காரை இறக்கலாமா, கூடாதா?)